வேலியோரத்தில் ஒரு சில்வர் ஓக்கையாவது பூக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் மழைக்கு முன்னால் தோட்டம் தோட்டமாக, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளை வெட்டுவார்கள். நானும் சிறு தேயிலை விவசாயிதான், மழைக்காலத்தில் நிழல் அதிகமாக இருந்தால் கொழுந்தில் கொப்புள நோய் வரும் என்று தெரியும், அதனால் வெட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மரம் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் மொட்டையடிக்க வேண்டுமா?

இந்த மரம் புதுக் குச்சியில் பூக்காது. இலை உதிர்ந்து முற்றிய பழைய கிளையில்தான் பூ வரும். வருஷாவருஷம் கழித்தால் பழைய கிளைக்கு எங்கே போவது? அதனால்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு சில்வர் ஓக் பூக்கும் என்பதே தெரியாது.

எங்கள் கேட் ஓரத்து மரத்தில் அப்பா காலத்திலிருந்து கத்தி பட்டதில்லை. சித்திரையில் பார்க்க வேண்டும்! சீப்பு மாதிரி ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கும் பொன்னிறப் பூ, காலையில் ஒரு கொத்தை உள்ளங்கையில் தட்டினால் தேன் பிசுபிசுவென்று ஒட்டும், தேன்சிட்டும் தேனீயும் விடிந்ததிலிருந்து அங்கேதான். காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும், பெயரே அதனால்தான். மற்றபடி இது ஓக் சாதியே கிடையாது, ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்து மரம். சோலைக்காட்டுக்குள் கொண்டுபோய் நடச் சொல்லவில்லை, தோட்டத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

உபயோகத்துக்கும் குறைவில்லை. கிளை அடுப்புக்கு, சருகு செடிக்கு உரம், அடிமரம் பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் போகிறது, கூடலூர்ப் பக்கம் மிளகுக் கொடி ஏற்றுகிறார்கள். சரியாக அறுத்தால் பலகையில் வலை பின்னியது போல ரேகை ஓடும், அலமாரிக்கு அவ்வளவு அழகு. அறுக்கும்போது தூள் பட்டு சிலருக்குத் தோல் அரிக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் கிளை முறியும், கூரைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

போன வருஷம் நான் கோயம்புத்தூர் போயிருந்த நேரத்தில், கிளை வெட்ட கான்ட்ராக்ட் எடுத்தவர் அந்த கேட் மரத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டார். வந்து பார்த்தபோது வயிறு எரிந்தது. இப்போது துளிர்த்திருக்கிறது, பழையபடி பூக்க சில வருஷம் ஆகும். இந்த முறை அதற்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்து, தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மற்ற தோட்டக்காரர்களும் ஆள் வருவதற்குள் வேலியோரத்தில் ஒரு மரத்துக்காவது அடித்து வையுங்கள்.

சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி