வேறு வைத்த பிள்ளையும் பெரிய வீட்டுப் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற வீடியோ கேம் தொடர்களிலிருந்து கிளைத்து வரும் ஆட்டங்களை ரசிகர்கள் எதிர்கொள்ளும் விதம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 'டியாப்லோ இம்மார்ட்டல்' என்ற கைபேசி ஆட்டத்துக்கு 2018-இல் எழுந்த எதிர்ப்பை, கேட்ட பொம்மை கிடைக்காத குழந்தையின் அழுகை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்று அழுதவர்களில் நானும் ஒருவன். அந்த அழுகையில் பாதி அசட்டுத்தனம், பாதி நியாயம் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதுதான் கட்டுரையின் குறை.

பிளிஸார்ட் நிறுவனத்தின் 'டியாப்லோ' என்ற இந்தக் கணினி ஆட்டத் தொடரின் முதல் ஆட்டம் 1996-இன் கடைசியிலும் இரண்டாவது 2000-த்திலும் வெளிவந்தன. காரைக்குடியில் எங்கள் வீட்டில் கணினி கிடையாது. மணிக்கு 20 ரூபாய் வாங்கிய ஒரு பிரவுசிங் சென்டரில்தான் இரண்டாம் ஆட்டத்தை விளையாடினேன். தேர்வுக்குக் குறிப்பெடுக்கப் போகிறேன் என்று அப்பச்சி (அப்பா) நம்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டத்துக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது வந்தபோது, ஆட்டத்தில் கிடைக்கும் ஆயுதங்களை உண்மையான பணத்துக்கு விற்கவும் வாங்கவும் ஓர் ஏலக் கடையையும் உள்ளேயே திறந்து வைத்திருந்தார்கள். பகைவனை வீழ்த்தி ஆயுதம் தேடுவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். கடையிலேயே அது கிடைக்கும் என்றால் எதற்காகத் தேட வேண்டும்? அந்தக் கடையை நிறுவனமே 2014 மார்ச்சில் மூடிவிட்டது. பிறகு வந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய காயம் முக்கியம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் பிளிஸார்ட் நிறுவனம் நடத்திய ரசிகர் விழாவில், நான்காம் ஆட்டத்தின் அறிவிப்பை எதிர்பார்த்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்திருந்தவர்கள் முன்னால், சீன நிறுவனமான நெட்ஈஸுடன் சேர்ந்து கைபேசிக்காக உருவாக்கும் கிளை ஆட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இது பருவம் தப்பி வந்த ஏப்ரல் முட்டாள் வேடிக்கையா என்று ஒரு ரசிகர் எழுந்து கேட்டார். கணினியில் இது வருமா என்று இன்னொருவர் கேட்டதற்கு, அப்படியொரு திட்டம் இல்லை என்று பதில் வந்ததும் அரங்கம் கூச்சலிட்டது. அப்போது மேடையில் இருந்த வடிவமைப்பாளர் வயட் செங், "உங்களிடமெல்லாம் கைபேசி இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து உலகமே அவரை ஆண்டுக்கணக்கில் கேலி செய்தது. மேலிடத்தில் எடுத்த முடிவுக்கு மேடையில் நின்றவர் அடி வாங்கினார். நானும் அந்தக் கேலியை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்தவன்தான்.

அதை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. அதே 2018-இல்தான் பப்ஜி ஆட்டத்தின் கைபேசி வடிவம் வெளிவந்தது. மறு ஆண்டு விடுமுறையில் எங்கள் தெருவில் எந்த வீட்டு முகப்பைப் பார்த்தாலும் நான்கு பையன்கள் தூணில் சாய்ந்தபடி கைபேசியும் கையுமாக அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் கணினியில் பிறந்து கைபேசிக்கு வந்த ஆட்டமே. ஆட்டத்துக்கென்றே ஒரு கணினி வாங்குவது இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. காரைக்குடி, தேவகோட்டைப் பையன்களுக்குக் கைபேசிதான் கணினி, அதுதான் திரை, அதுதான் பிரவுசிங் சென்டர். அனஹைமில் கேலிக்குரியதாகத் தோன்றிய அந்தக் கேள்வியை இங்கே வந்து கேட்டிருந்தால், "இருக்கிறது, எப்போது வரும்?" என்றுதான் பதில் கிடைத்திருக்கும். கைபேசியில் வந்தாலே ஆட்டம் கெட்டுவிடும் என்று கத்திய ரசிகர்கள், தங்களைப் போல வசதி இல்லாதவர்களுக்கு இந்தத் தொடரில் இடமில்லை என்று சொன்னார்கள். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஆடிய நானும் அவர்களோடு சேர்ந்து அதைச் சொன்னது எனக்கே விளங்காத விஷயம்.

கிளை ஆட்டம் என்பதை எங்கள் ஊர் வழக்கப்படி நான் இப்படிப் பார்க்கிறேன். நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமானபின் அவனை 'வேறு வைப்பார்கள்'. அதே வீடு, அதே வளவு. ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அதைக் குடும்பம் உடைந்ததாக யாரும் பேசுவதில்லை. மருமகள் எந்தப் பாத்திரத்தில் குழம்பு வைக்கிறாள் என்று கேட்கவும் எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வேறு வைத்த பிள்ளைக்குக் கடைத்தெருவில் சரக்கு கடனாகக் கிடைப்பது பெரிய வீட்டுப் பெயரால்தான். அந்தப் பெயரைச் சொல்லி அவன் என்ன விலை வாங்குகிறான், என்ன சரக்கு கொடுக்கிறான் என்பதைக் கேட்க, அந்தப் பெயரை நம்பிக் கொடுத்தவர்களுக்கு உரிமை உண்டு. ரசிகனின் உரிமையும் அவ்வளவுதான், அதற்குக் குறையவும் இல்லை.

2022 ஜூனில் 'இம்மார்ட்டல்' வெளிவந்தபோது (கணினியிலும் சேர்த்தே வந்தது!), பெயரைச் சொல்லி என்ன விலை வாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. ஆயுதங்களையும் கவசங்களையும் பணம் கொடுத்து வாங்க முடியாது என்று ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தரப்பில் முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அவற்றில் பதிக்கும் இரத்தினக் கற்கள்தான் வீரனின் வலிமையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. அந்தக் கற்கள் கிடைக்கும் குகைக்குள் போகுமுன் செலுத்தும் முத்திரைகளைப் பணத்துக்கு வாங்கலாம். உயர்ந்த வகை முத்திரை ஒன்றைச் செலுத்தினால் ஒரு கல் நிச்சயம். அது ஆக உயர்ந்த ஐந்து நட்சத்திரக் கல்லாக இருக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 4.5. அப்படிக் கிடைத்த கல்லை மெருகேற்ற அதே கல் மேலும் பல வேண்டும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பணம் கொடுத்தும் என்ன கிடைக்கும் என்று தெரியாத இத்தகைய 'அதிர்ஷ்டப் பெட்டிகள்' குறித்த சட்டங்கள் கடுமையானவை என்பதால் அங்கே ஆட்டம் வெளியிடப்படவே இல்லை. 2003-இல் தமிழகத்தில் தடை வரும்வரை பேருந்து நிலைய வாசல்களில் பரிசுச் சீட்டுகள் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

என் ஐயா (தாத்தா) பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் சிறுவனாக, தொழில் தொடங்கியவர். பேரேட்டில் பொய் எழுதுகிறவனைப் பிடித்துவிடலாம், உண்மையைத் தலைப்பு மாற்றி எழுதுகிறவனைத்தான் பிடிக்க முடியாது என்பார். ஆயுதம் விற்பனைக்கு இல்லை, கல்லைப் பெறும் வாய்ப்பு மட்டும் விற்பனைக்கு உண்டு என்ற ஏற்பாட்டை அவர் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டிருப்பார்.

ஆட்டத்தையே குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தேவகோட்டையில் இருக்கும் எங்கள் ஆச்சி (அக்கா) மகன் ஒரு பைசா செலவழிக்காமல் கதை முழுவதையும் ஆடி முடித்தான். இரண்டாம் ஆட்டத்துக்கும் மூன்றாம் ஆட்டத்துக்கும் இடையில் நடக்கும் கதை அது. மூன்றாம் ஆட்டத்தில் இறந்துபோகும் முதியவர் டெக்கர்ட் கெய்ன் அதில் உயிரோடு வருகிறார். அவரைப் பார்த்து நான் நெகிழ்ந்ததைக் கண்டு, "அம்மான், இவர் யார்? உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டான். தெரிந்தவர்தான் என்றேன். தொடு திரையில் விரல் ஓடும் வேகமும் சண்டையின் நேர்த்தியும் மூன்றாம் ஆட்டத்துக்குச் சிறிதும் குறைந்தவையல்ல. இவ்வளவு நன்றாகச் சமைத்த வீட்டில் இப்படியொரு கல்லாப்பெட்டி எதற்கு என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. ரசிகர்களின் கூச்சலுக்குப் பயந்துதான் நான்காம் ஆட்டம் தயாரிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஜூனில் வெளிவந்த ஆட்டம் அது. அறிவித்த அன்றே விழாவுக்கு வந்தவர்கள் அதை ஆடிப் பார்க்க முடிந்தது என்றால், வேலை எப்போது தொடங்கியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

தங்கள் இதழில் புதிய ஆட்டங்களை அறிமுகம் செய்யும் பக்கத்தில், விலை என்ற இடத்தில் 'இலவசம்' என்று மட்டும் அச்சிடுகிறீர்கள். ஆட்டத்துக்குள் எதற்கெல்லாம் பணம் கேட்கிறார்கள், கேட்ட பொருள் நிச்சயமாகக் கிடைக்குமா, வாய்ப்பு மட்டும்தானா என்பதையும் அதே கட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். ஆச்சி மகன் இதழைக் கையில் எடுத்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

தங்கள் உண்மையுள்ள,
நீண்ட நாள் வாசகன்,
காரைக்குடி.