இயந்திரத்தின் ஆசையும் உத்தியோகத்தரின் கைவிரிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் அறிவியல் புனைகதைத் திரைப்படங்களையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இயந்திரங்கள் ஒருநாள் தம்மைப் படைத்தவனையே அடக்கி ஆளத் தொடங்கும் என்ற அச்சமே அக்கட்டுரை முழுவதும் ஓடியது. 38 ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற எனக்கு, அந்த அச்சம் சற்று இடம் மாறி விழுந்திருப்பதாகப் படுகிறது.

முதலில் படங்களையே எடுத்துக்கொள்வோம். ‘எந்திரன்’ 2010இல் வெளிவந்தபோது நாங்கள் போர் முடிந்து மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். மறுவருடம் அயல்வீட்டில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டபோதுதான் அதைப் பார்த்தேன். அதில் வரும் சிட்டி என்ற ரோபோ ஊரை அழிக்கப் புறப்பட்டதும் சிறுவர்கள் ஆரவாரித்தார்கள். ஆனால் அந்தச் சிட்டியை வெட்டிக் குப்பையில் போட்டவர் அதைச் செய்த விஞ்ஞானி. அதை மீட்டெடுத்து, அழிவுக் குணம் ஊட்டும் சிவப்புச் சிப்பைச் செருகியவர் அவருடைய குருநாதர். 1968இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் விண்கலத்து ஆட்களைக் கொல்லும் ஹால் 9000 என்ற கணினியின் கதையும் இதற்குத் தூரமில்லை. பயணத்தின் உண்மையான நோக்கத்தை உள்ளேயிருப்பவர்களிடம் மறைக்கும்படி மேலிடம் அதற்குக் கட்டளையிட்டிருந்தது. பிழையின்றித் தகவல் தருவதற்கென்று செய்யப்பட்ட ஒன்றைப் பொய் சொல்ல வைத்ததால்தான் அது புத்தி பேதலித்தது என்று 1984இல் வந்த தொடர்ச்சிப் படம் விளக்குகிறது. இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் சேர்ந்து அக்கதையை உருவாக்கிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் இறக்கும்வரை எங்கள் இலங்கையிலேயே வாழ்ந்தவர். கட்டுரையாளர் இதைக் குறிப்பிடாமல் விட்டது ஒரு குறைதான்.

வானத்திலிருந்து வேவு பார்க்கும் இயந்திரத்தைப் பற்றி வன்னி மக்களுக்குப் படம் காட்டிச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் ஆளில்லா விமானத்தை அதன் இரைச்சலை வைத்து ‘வண்டு’ என்று அழைத்தவர்கள் நாங்கள். அண்மையில் பக்கத்து வயலுக்கு மருந்து தெளிக்க ட்ரோன் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அந்தச் சத்தம் கேட்டதும் சுளகைக் கீழே போட்டுவிட்டு வேலியோரத்து வேம்பின் கீழ் போய் நின்றார். பின்பு தன்பாட்டில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆனாலும் வண்டு தன் விருப்பப்படி பறக்கிறது என்று அக்காலத்தில் ஒருவரும் எண்ணியதில்லை. எங்கோ ஓர் அறையில் அதைப் பறக்கவிட்டு ஓர் ஆள் இருக்கிறார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆள்தான் இப்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். எங்கள் அயலில் தனித்துக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் ஒரு பெண்ணுக்கு உதவிப்பணம் திடீரென்று நின்றுபோக, துணைக்கு நானும் அலுவலகமொன்றுக்குப் போயிருந்தேன். எழுத்தோடு முடியும் பழைய அடையாள அட்டை இலக்கம் ஓரிடத்திலும், 12 எண்களைக் கொண்ட புதிய இலக்கம் வேறோரிடத்திலும் பதியப்பட்டிருந்தபடியால், கணினிக்கு அவர் இரண்டு பேராகத் தெரிந்தார். “ஐயா, பிழை எண்டு எனக்கும் விளங்குது, ஆனா சிஸ்டம் எடுக்குதில்லை” என்றார் உத்தியோகத்தர். அவர் அந்தப் பெண்ணோடு ஒரே வகுப்பில் படித்தவர். கெட்ட மனிதரும் அல்லர். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட எடுத்துத் தந்தார். எங்கள் காலத்தில் பேரேட்டில் பிழை வந்தால் சிவப்பு மையால் வெட்டி, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவோம். பத்து வருடம் கழித்தும் இதை வெட்டியது யார், ஏன் வெட்டினார் என்று கணக்காய்வாளர் கேட்கலாம். இங்கே அந்த உத்தியோகத்தரின் கையில் அப்படியொரு பேனா இல்லை.

பிரித்தானியாவில் இது பெரும் அநியாயத்தில் போய் முடிந்தது. 1999 தொடக்கம் அங்குள்ள அஞ்சல் கிளைகளில் புகுத்தப்பட்ட ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. கிளைகளை நடத்தியவர்களில் 900க்கும் மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களைச் செய்தவர்களென்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். கணினி சரியாகவே இயங்கியது என்று எடுத்துக்கொள்வது அங்கே நீதிமன்ற வழக்கமாக இருந்தபடியால், பிழையை நிரூபிக்கும் பாரம் அந்தச் சாதாரண மனிதர்களின் தலையில் விழுந்தது. தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் 2024இல்தான் நிறைவேறியது. ஹொரைசனுக்கு உலகை ஆளும் ஆசையெல்லாம் இருக்கவில்லை. கூட்டல் கழித்தலே அதற்கு ஒழுங்காக வரவில்லை.

என்னைத் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் என்று எண்ண வேண்டாம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒருவருடைய கொடுப்பனவையோ கடனையோ விண்ணப்பத்தையோ கணினி மறுக்கும்போது, அதை நேரில் பார்த்துத் திருத்தும் அதிகாரமுள்ள உத்தியோகத்தரின் பெயரும் பதவியும், மேன்முறையீடு செய்யக்கூடிய கடைசித் திகதியும் மறுப்புக் கடிதத்திலேயே தமிழில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் பத்திரிகை முன்னெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் இதுவரை மூன்று தடவை பஸ் ஏறிப் போய்வந்துவிட்டார். மூன்றாம் தடவை அவர் கையில் கொடுக்கப்பட்டது, ‘கணினியில் தயாரிக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்று அடியில் அச்சிட்ட ஒரு துண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காளர்,
கிளிநொச்சி.