2024–25 ஆண்டறிக்கை: நம் காட்சியகத்துக்கு ஒரு கணினிப் பதிவேடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளும் வந்து பார்த்துப் போனார்கள். இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது பதிவேட்டு வேலைதான்.

2023 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. தாமிரபரணி ஆறு தெருவுக்குள் வந்த இரவில் மரக்கால், படி, ஓலைச்சுவடி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டோம். கீழ் அலமாரியில் இருந்த நன்கொடைப் பதிவேட்டை ஒருவரும் நினைக்கவில்லை. காயவைத்துப் பிரித்தபோது பாதிப் பக்கங்கள் வெறும் நீலக் கறை. கணினியில் பிரதி இருக்கிறதே என்று திறந்தால், அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. புதுக் கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது. புள்ளி வரவேண்டிய இடங்களில் அரைப்புள்ளி. எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி மீட்டுவிட்டோம். ஆனால் அதில் 2016 வரைதான் இருந்தது.

அப்புறம்தான் மென்பொருள் தேட ஆரம்பித்தோம். எக்செல் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். பட்டியல் போட அது போதும். ஒரு பொருள் எங்கிருந்து எங்கே நகர்ந்தது, யார் இரவல் வாங்கினார்கள் என்பதைத் தொடர அது தோதுப்படாது. புனேயில் உள்ள அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஜதன் மென்பொருள், மத்திய கலாச்சார அமைச்சகத்தின் பெரிய அருங்காட்சியகங்களை மனதில் வைத்துச் செய்தது. ஒமேகா என்ற மென்பொருள் இணையத்தில் காட்சிப்படுத்த அருமையானது. அலமாரிக் கணக்கு வைக்க ஆகாது. பாஸ்ட்பெர்ஃபெக்ட் என்ற மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியது.

கடைசியில் செயற்குழு பரிந்துரைப்பது கலெக்டிவ்ஆக்சஸ். கட்டற்ற மென்பொருள், இலவசம். பதிவு செய்ய ஒரு பகுதி, பொதுமக்கள் பார்க்க இன்னொரு பகுதி. நிறுவுவதுதான் சிரமம், நம் இளைஞர்கள் இருவர் பல ஞாயிறுகளை அதற்குக் கொடுத்தார்கள். நாளை வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தாலும் தரவு முழுவதையும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இது மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரிது.

சோதனைக்கு 50 பொருட்களை ஏற்றிப் பார்த்தோம். ஒருவர் ‘முறம்’ என்று பதிந்தார், இன்னொருவர் ‘சுளகு’, மூன்றாமவர் ‘சொளகு’. சுளகு என்று தேடினால் ஒன்றுதான் வந்தது. மூன்று சுளகும் பக்கத்துப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன! கலெக்டிவ்ஆக்சஸில் ஒரு பெயரை முதன்மையாக வைத்து மற்றவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேர்க்க முடிகிறது. நம் பக்கத்துச் சொல்லான சுளகையே முதன்மையாக வைத்தோம். வட்டாரச் சொல்லைக் காப்பதும் இந்தக் காட்சியகத்தின் வேலைதானே.

எந்தெந்த விவரம் கட்டாயம் என்பதற்குப் பிரிட்டன் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஸ்பெக்ட்ரம் என்ற நெறிமுறையைப் பின்பற்றினோம்: எண், பெயர், எத்தனை, சிறு விவரிப்பு, இருக்கும் இடம், பதிந்தவர், பதிந்த தேதி. இவை இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. எண் 2024.7.3 என்ற முறையில் இருக்கும். 2024இல் வந்த ஏழாவது நன்கொடையின் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். எண்ணைப் பித்தளை மேல் நேரே எழுதக்கூடாது. பாரலாய்டு பி-72 என்ற ஒளிபுகும் பிசினைப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் எழுதுகிறோம். வேண்டுமானால் அசிட்டோனால் துடைத்துவிடலாம். சுவடிகளுக்குப் பருத்தி நாடாவில் சீட்டு.

சர்வர் வாடகைக்கும், வேறு ஊரில் ஒரு பிரதி வைக்கும் செலவுக்கும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

இன்னொன்று. 2016க்குப் பின் வந்து, கொடுத்தவர் பெயர் அழிந்துபோன பொருட்களின் படங்களைப் பின்வரிசை மேசையில் பரப்பி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பொருள் இருந்தால், கொடுத்தவர் பெயரைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவிட்டுப் போங்கள்.

நன்றி.

செயலாளர்