கடையை விற்கச் சொல்லும் மகள்

அன்புள்ள முரளி,

பதில் போடாமல் இவ்வளவு நாள் இழுத்தடித்ததற்கு மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் நலம். செல்வத்துக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, இனிமேலாவது புலம்பலை நிறுத்துவான்.

திரையிடலுக்கு 'திஸ் கிறிஸ்துமஸ்' (பண்டிகைக்கு ஒன்றுகூடும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை சொல்லும் அமெரிக்கப் படம்) வேண்டாம், ஆளுக்கொரு ரகசியம், ஒரே நாடகம் என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு ஆறவே இல்லை. ரகசியங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும். அவை எங்கே வேர் விட்டிருக்கின்றன என்று பாரடா.

இசைக்காக வீட்டை விட்டுப் போன அப்பாதான் வேர். அதனால்தான் கடைக்குட்டி தன் பாட்டு ஆசையை அம்மாவிடம் மறைக்கிறான். அதே இசையோடு ஊர் ஊராகத் திரியும் மூத்தவன் குவென்டினுக்கு, அப்பாவின் இடத்தில் அம்மாவின் காதலன் ஜோ பிளாக் இருப்பது பொறுக்கவில்லை. ஜோ அந்த வீட்டிலேயே வாழ்வதை அம்மாவே பிள்ளைகளிடம் மறைக்கிறாள். அம்மாவாக லொரெட்டா டெவைன், குவென்டினாக இட்ரிஸ் எல்பா. படையிலிருந்து சொல்லாமல் வந்துவிட்ட இன்னொரு மகன் கிளாடுடைய கதைதான் இந்த வேரோடு சேராமல் நிற்கிறது. அதில் உன் குறை நியாயம்.

ஆனால் குடும்பத்தின் டிரை கிளீனிங் கடையை நீ கவனிக்கவே இல்லை! கணவன் தூண்ட, மகள் லிசா அதை விற்கச் சொல்கிறாள். இது வெறும் சொத்துச் சண்டையா? கதை நடப்பது லாஸ் ஏஞ்சலிஸில். கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த ஊர் அது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லும்வரை அந்த நிபந்தனையை நீதிமன்றங்களே அமல்படுத்திக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பம் சொந்தமாக வைத்திருக்கும் வீடும் கடையும் எவ்வளவு கனமானவை! அதை மனதில் வைத்துக்கொண்டு லிசா பேசுவதைக் கேள், வயிற்றைப் பிசையும்.

இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் எங்கே சறுக்கும் தெரியுமா? எல்லாக் கோபத்தையும் சாப்பாட்டு மேசையிலேயே கொட்டிவிடுவார்கள். பிறகு படத்தில் எதுவும் மிஞ்சாது, ஆளாளுக்கு அழுது கட்டிக்கொள்வதைத் தவிர. எழுதி இயக்கிய பிரெஸ்டன் விட்மோர் அப்படிச் செய்யவில்லை. மேசையில் குத்தல் பேச்சோடு நிறுத்திக்கொண்டு, வெடிப்புகளை வேறு வேறு இடங்களுக்குப் பிரித்துவிட்டார். கிளப்பில் கிளாட். துரோகம் செய்த கணவனுக்காகக் குளியலறைத் தரையில் பேபி ஆயிலை ஊற்றிவிட்டு பெல்ட்டோடு காத்திருக்கும் லிசா. அந்தக் காட்சியில் லிசாவாக நடிக்கும் ரெஜினா கிங்கின் முகத்தைப் பார், சிரிப்பும் வரும், பயமும் வரும்.

சப்டைட்டில் இல்லாமல் போடாதே. ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்துகொண்டே இருப்பார்கள், பாதி போய்விடும். இடைவேளையும் வேண்டாம், மொத்தமே இரண்டு மணி நேரம்தான். கடைசியில் இரண்டு வரிசையாக நின்று, நடுவே ஒவ்வொருவராக ஆடி வருவார்களே, 'சோல் டிரெய்ன்' தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து வீடுவீடாகப் பரவிய ஆட்டம் அது. அது முடியும்வரை யாரும் விளக்கைப் போடக் கூடாது. கோபியிடம் இப்போதே சொல்லிவை, அவன்தான் முதலில் சுவிட்சுக்கு ஓடுவான்.

என்றும் அன்புடன்,
பாஸ்கர்