இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில், நேப்பாளத்தில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொரோங் லா என்ற மலைக்கணவாயைக் கடந்து வந்த நம் சிங்கப்பூர் இளையர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படம் நன்றாக இருந்தது, கலர் கலரான கொடிகளுக்கு நடுவே எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ஆனால் இரண்டு நாள் தலைவலியோடும் வாந்தியோடும் ஒருவர் மனவுறுதியால் ஏறி முடித்தார் என்று ஓரிடத்தில் மெச்சி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அது உயர நோயின் அறிகுறி, உடம்பு உயரத்துக்குப் பழகும்முன் வேகமாக ஏறினால் வருவது, உயிரையே எடுத்துவிடும். அந்தத் தம்பி நல்லபடியாக வீடு திரும்பியது அவர் பெற்றோர் செய்த புண்ணியம். அதைப் போய்ப் பாராட்டினால், அடுத்து போகிற பிள்ளையும் தலைவலியை வெளியே சொல்லாமல்தான் ஏறும்.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்று கேட்டால், அதே மலையில் ஒரு தடவை தோற்றுத் திரும்பினேன், ஒரு தடவை கடந்தேன், அவ்வளவுதான். வயது 56, கணக்கு எழுதுகிற வேலை, வீடு உட்லண்ட்ஸில் பன்னிரண்டாம் மாடி. நம் ஊரில் இருப்பதிலேயே பெரிய மலை புக்கிட் தீமா, அதுவே 163 மீட்டர். அதனால் பயிற்சிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டுதான். முதுகுப்பையில் இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு ஏறி ஏறி இறங்குவேன், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) தினமும் கதவைத் திறந்து, லிஃப்ட் கெட்டுப்போச்சா என்று கேட்பார்.

முதல் முறை அண்ணன் மகனோடு போனேன். 27 வயது, தேசிய சேவையை முடித்தவன், முழு மாரத்தான் ஓடுகிறவன். அவனுக்கு ஒன்பது நாள்தான் விடுப்பு. அதற்குத் தோதாக இங்கே ஒரு பயண நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தது. காட்மாண்டுவில் ஒரு இரவு, மறுநாள் ஜீப்பில் 2,670 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாமே, அதற்கு மறுநாளும் ஜீப்பிலேயே 3,540 மீட்டரில் மனாங், அப்புறம் நடந்து யாக் கர்க்கா, தொரோங் பேடி, கணவாய். முன்பெல்லாம் மனாங் போய்ச் சேரவே ஒரு வாரம் நடக்க வேண்டுமாம், அந்த நடையிலேயே உடம்பு பழகிவிடும். இப்போது பாதை போட்டுவிட்டார்கள், இரண்டு நாளில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். நேரம் மிச்சம் என்று எங்களுக்கும் சந்தோஷம்தான்.

தொரோங் பேடி சுமார் 4,450 மீட்டர். அங்கே அன்று சாயங்காலம் அவன் தட்டில் பருப்பும் சோறும் அப்படியே இருந்தது. பருப்பு சரியாக வேகவில்லை அத்தை என்றான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகாதுதான், அதனால் நானும் நம்பிவிட்டேன். எங்கள் வழிகாட்டி நம்பவில்லை. (அவருடைய தாய்மாமா இங்கே கூர்க்கா படைப்பிரிவில் இருந்தவராம், மவுண்ட் வெர்னன் முகாம் பற்றியெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.) தட்டைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், வாசலுக்குக் கூட்டிப்போய்க் குதிகால் விரலைத் தொடுகிற மாதிரி ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், உயர நோய் முற்றினால் நடை தள்ளாடும் என்பதால். மாரத்தான் ஓடுகிற பிள்ளை நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தான்.

அப்போதுதான் வாயைத் திறந்தான். மனாங்கிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டதாம். "உங்ககிட்ட சொன்னா திரும்பிடலாம்னு சொல்லுவீங்க அத்தை, எனக்கு வேற லீவு இல்ல."

வழிகாட்டி விடியும்வரை காத்திருக்கவில்லை. இரவு எட்டு மணி, குளிர் எலும்பில் இறங்குகிறது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவனை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கீழே யாக் கர்க்காவுக்கு நடந்தோம். இறங்கியது 400 மீட்டர்கூட இருக்காது. காலையில் எழுந்து, பசிக்கிறது என்றான், மூன்று ரொட்டி தின்றான். இறங்கியதைத் தவிர வேறு பெரிய மருத்துவம் எதுவும் நடக்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் சுமார் 21 விழுக்காடுதான். மேலே போகப் போகக் குறைவது காற்றழுத்தம், அதனால் தொரோங் லாவில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு அதற்கு ஈடு கொடுக்கும், மூச்சு வேகமாகும், சிறுநீரகம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கெல்லாம் நாள் பிடிக்கும். கால் பலமாக இருக்கிறதா, மனசு பலமாக இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. சொல்லப்போனால் பலமான பிள்ளைகள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள், என்னைப்போல் மூச்சு வாங்கி வாங்கி நடக்கிறவர்கள் தப்பித்துக்கொள்கிறோம்.

மலை மருத்துவர்கள் சொல்கிற கணக்கு இதுதான்: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கிற இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு மேலே போனாலும் இரவில் இறங்கி வந்து படுத்தால் நல்லது. எங்கள் திட்டத்தில் சாமேயிலிருந்து மனாங் ஒரே நாளில் 870 மீட்டர், ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், பணம் கட்டும்முன் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் அப்புறம்தான் கவனித்தேன். எங்கள் பயணக் காப்புறுதி 3,000 மீட்டருக்கு மேல் டிரெக்கிங் போனால் செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஹெலிகாப்டரைக் கூப்பிட வேண்டி வந்திருந்தால் மொத்தச் செலவும் எங்கள் கையிலிருந்துதான்!

கையில் ஒரு நாள்கூட மிச்சமில்லாத திட்டத்துக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2014 அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதன் மிச்சம் வடக்கே போய் 14ஆம் தேதி அன்னபூர்ணா வட்டாரத்தில் பனியாகக் கொட்டியது. நல்ல சீசன், பாதை நிறைய ஆட்கள். வெளிநாட்டவர்களும் நேப்பாளிகளுமாக 40க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், அதில் பலர் தொரோங் லா பக்கத்தில். வானம் சரியில்லை என்றால் அடிவாரத்தில் இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டிய நமக்கு அந்தச் சும்மா படுப்பதுதான் முடிவதில்லை.

மறு வருஷம் 16 நாள் எடுத்துக்கொண்டு போனோம், சம்பளம் இல்லாத விடுப்பும் சேர்த்து. மனாங்கில் மூன்று இரவு. அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் சின்ன மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது, சீசனில் பிற்பகலில் டாக்டர்கள் உயர நோயைப் பற்றி வகுப்பு மாதிரி பேசுவார்கள், கட்டாயம் போய்க் கேளுங்கள். இங்கேயே மருத்துவரைப் பார்த்து அசெட்டசோலமைடு மாத்திரை வாங்கிப் போயிருந்தேன், காலை 125 மில்லிகிராம், மாலை 125. விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கும், ராத்திரி நாலு தடவை எழுந்து அந்தக் குளிரில் கழிவறைக்கு ஓட வேண்டும், கோலா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது ஏறும்முன் உதவுகிற மாத்திரை. தலைவலி வந்தபிறகும் மேலே ஏறிக்கொண்டே போகலாம் என்று அனுமதிச்சீட்டு எதுவும் அது தராது.

தொரோங் பேடியில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம், முற்பகல் தாண்டினால் மேலே காற்று பேயாக அடிக்கும் என்பதால். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். பத்தடி, நின்று மூச்சு, மறுபடி பத்தடி. "லா" என்றாலே திபெத்திய மொழியில் கணவாய்தான், தொரோங் லா கணவாய் என்று நாம் எழுதுவது கேட் கதவு என்கிற மாதிரி. மேலே ஒரு பலகை, கொடிகள், ஒரு டீக்கடை. அந்த டீயின் விலையைச் சொன்னால் என் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். அண்ணன் மகன் பலகையைக் கட்டிப்பிடித்து அழுதான், நான் காலணிக்குள் கால்விரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியதைவிட மறுபக்கம் முக்திநாத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் இறங்கியதுதான் முழங்காலைப் பதம் பார்த்தது.

நான் இந்தக் கடிதத்தை எழுதியதற்கு உண்மையான காரணம் அந்த முக்திநாத்தான். வைணவர்களுக்கு அது 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம், திருமங்கையாழ்வார் பாடிய தலம். சுற்றிலும் 108 நீர்த்தாரைகள். சுமார் 3,700 மீட்டர். மேலேயிருந்து இறங்கி வந்த எங்களுக்கு அது தாழ்வான இடம், மூச்சு சுகமாக இருந்தது. ஆனால் கோயில் படிக்கட்டில் தமிழ் பேசுகிற பெரியவர்கள் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் காலையில் 820 மீட்டரில் இருக்கும் பொக்காராவில் விமானம் ஏறி, இருபது நிமிடத்தில் ஜோம்சோம் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் நேராக இங்கே வந்து ராத்திரி தங்கியிருக்கிறார்கள். ஒரே நாளில் கிட்டத்தட்ட 2,900 மீட்டர்! எங்களைப் பேடியில் கவிழ்த்த திட்டம்கூட இவ்வளவு மோசமில்லை. கூட வந்தவர் பயண அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார், இன்னொருவர் 108 தாரையிலும் தலையைக் காட்டியாக வேண்டும் என்று அந்த அம்மாவை எழுப்பப் பார்த்தார், பனிக்கட்டி மாதிரித் தண்ணீர் அது. எங்கள் வழிகாட்டிதான் போய்ப் பேசி, அவரை உடனே ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்ப வைத்தார்.

கணவாய்க்குப் போகிற பிள்ளைகளாவது இணையத்தில் பத்து இடத்தில் தேடிப் படிக்கிறார்கள். கோயிலுக்குத்தானே என்று கிளம்புகிற நம் அப்பா அம்மாவுக்கு யார் சொல்கிறார்கள்? மூட்டு வலி, நீரிழிவு, இதய நோய் எல்லாம் வைத்துக்கொண்டு போகிறவர்கள். ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர்தான். முதல் இரவு அங்கே தங்கி, மறுநாள் பகலில் மேலே போய்ச் சேவித்துவிட்டு மறுபடி கீழே வந்து படுத்தால் ஆபத்து எவ்வளவோ குறையும். செலவும் பெரிதாகக் கூடாது. தலை வலித்துச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அது அசதி இல்லை, உயரம் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

என் அம்மாவுக்கு 79 வயது. புரட்டாசி சனி தவறாமல் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் போகிறவர், சாகும்முன் சாளக்கிராமம் பார்க்க வேண்டும் என்கிறார். சாளக்கிராமம் அடை நெஞ்சே என்றுதானே ஆழ்வார் பாடினார், அங்கே போகச் சொன்னது நெஞ்சை, நுரையீரலை இல்லை என்று விளையாட்டாகச் சொன்னேன், முறைத்தார். சரி, மார்ச்சில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் மருத்துவர் சரி என்றால். ஜோம்சோமில் இரண்டு இரவு, முக்திநாத்தில் ஓர் இரவுகூடக் கிடையாது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் இதழில் முக்திநாத் சுற்றுலா விளம்பரங்கள் வந்தால் விலை இருக்கும், சைவ உணவு இருக்கும், தமிழ் பேசும் வழிகாட்டி இருப்பார். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தங்க வைப்பார்கள் என்ற ஒரு வரியையும் அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். தரமாட்டேன் என்கிற நிறுவனத்தின் விளம்பரத்தை என்ன செய்யலாம் என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகி