கற்பூர மரத்துக்குக் காவல் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கற்பூரம் ஏற்றாத வெள்ளிக்கிழமை எங்கள் ரப்பர் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்ததில்லை. இன்று நாம் கொளுத்தும் வில்லை டர்பெண்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ஆனால் அந்நாளில் தமிழ் வணிகர்கள் கடல் தாண்டித் தேடிவந்த கற்பூரம், இந்த மலாய் வட்டாரத்துக் காட்டில் நிற்கும் கப்பூர் மரத்தின் வயிற்றில் விளைந்தது. சுமத்திராவின் பாருஸ் துறையில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது.

நம் ஜொகூர் மாநிலத்தில் அந்த மரத்தைத் தேடிப் போனவர்கள் ஜக்கூன் என்னும் பூர்வகுடி மக்கள். எந்த மரத்துக்குள் கற்பூரம் இருக்கிறதென்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மரத்துக்கு பீசான் என்றொரு காவல் தெய்வம் உண்டு, இரவில் அதன் குரல் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தேடப் போகிறவர்கள் அன்றாடப் பேச்சை விட்டுவிட்டு, அதற்கென்றே இருந்த தனி மொழியில்தான் பேசுவார்கள். உப்பைக்கூடப் பொடியாக்காமல் கட்டியாகவே தின்பார்கள். அப்போதுதான் கற்பூரமும் பெரிய கட்டியாகக் கிடைக்குமாம். தைப்பூசக் காவடிக்கு நாம் விரதம் இருப்பதில்லையா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

சிறுவயதில், பெத்தாய் என்னும் காட்டுக் காயை விற்கத் தோட்டத்துக்கு வந்த அவர்களை நாங்கள் கேலிப்பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

கப்பூர் பலகைக்கு நல்ல விலை. காடு அழிந்து, மரம் இன்று அழிவை நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஜொகூரின் லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த 52 ஜக்கூன் மக்கள் வழக்குப் போட்டு, 1990களில் 26.5 மில்லியன் மலேசிய வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு பெற்றார்கள். மூதாதையர் காட்டில் தேடிப் பிழைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டென்று நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் போன காடு போனதுதான்.

எஞ்சியுள்ள கப்பூர் காடுகளில் கோடரி விழக்கூடாது. அவற்றின் காவலை அந்தந்தக் கம்பத்து (கிராமத்து) ஜக்கூன் மக்களிடமே, நில உரிமையோடு, கொடுக்க வேண்டும். சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் கூலிவேலை மட்டும் கொடுத்துக் கைகழுவுவது போதாது.

தோட்டம் கைமாறியபோது, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறியவர்கள் நாம். இந்த வலியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கோயிலின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், மாநில அரசுக்கு இதை எழுதும்படி கேட்கப் போகிறேன். மற்றக் கோயில்களும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி,
குளுவாங், ஜொகூர்