பதில் போடாத நண்பனின் கடிதம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதங்களும் பதில் இல்லாமல் கிடப்பது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. திட்டுவதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இரண்டாம் மாடியின் கணினிகளையும் ஃபோன்களையும் வலையமைப்போடு இணைக்கும் சுவிட்ச் பெட்டி செத்துப்போனது. 48 போர்ட்டும் இருட்டு. அதே மாடல் ஒன்று கையிருப்பில் இருந்தது, போன மாதம் எடுத்து வைத்த கான்ஃபிக் ஃபைலும், அதாவது பெட்டியின் அமைப்புகளை எழுதி வைத்த ஃபைலும், இருந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று மேலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பெட்டியோடு நேரடியாகப் பேசும் கன்சோல் கேபிளைச் சொருகி, 9600 வேகத்தில் உள்ளே போய், மாற்றுப் பெட்டியை முதலில் சுத்தமாக அழித்தேன். ரன்னிங் கான்ஃபிகில், அதாவது அப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில், ஒரு ஃபைலைப் போட்டால் அது ஏற்கெனவே இருப்பதோடு கலக்குமே தவிர, பழையதை எடுத்துவிடாது என்று நம் பெரியவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே, அது அப்படியே காதில் கேட்டது. அப்புறம் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் பரிமாற்ற முறை வழியாக ஃபைலை இறக்கினேன். பெயர், போர்ட், மற்றச் சுவிட்சுகளோடு இணைக்கும் டிரங்க் எல்லாம் வந்துவிட்டன. இரண்டாம் மாடியில் வேலை தொடங்கிவிட்டது.

மூன்றாம் மாடியில் மட்டும் ஒரு ஃபோனும் பேசவில்லை.

அந்த மாடியின் சுவிட்ச் இதன் வழியாகத்தான் மேலே போகிறது. கேபிளை மாற்றினேன், அது சொருகும் எஸ்எஃப்பி என்ற சிறு இணைப்புத் துண்டையும் மாற்றினேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் டிரங்க் நிலவரத்தை வரி வரியாகப் படித்தேன். ஒரே வலையமைப்பைத் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிவுகளுக்கு விலான் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அனுமதித்த விலான்கள் 10, 20, 40. அதற்கு அடுத்த பகுதியில், இயங்கும் விலான்கள் 10, 20. நாற்பதைக் காணோம்! 10-உம் 20-உம் இந்தச் சுவிட்சில் கருவிகளை நேரடியாகச் சொருகும் ஆக்சஸ் போர்ட்களில் இருந்ததால் ஃபைல் இறங்கும்போதே தானாக உருவாகிவிட்டன. ஃபோனுக்கான 40 இதன் வழியே கடந்து போவது மட்டும்தான். அதை யாரும் உருவாக்கவில்லை.

பழைய பெட்டி, விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பகிரும் விடிபி என்ற சிஸ்கோ முறையில், சர்வர் மோடில் இருந்தது. அந்த மோடில் விலான் பட்டியல் கான்ஃபிகில் எழுதப்படாது, பெட்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில் விலான்.டாட் (vlan.dat) என்ற தனி ஃபைலில் கிடக்கும். அதை நாங்கள் ஒருநாளும் எடுத்து வைத்ததில்லை. 40-ஐக் கையால் உருவாக்கிய சில நொடிகளில் மேலே ஃபோன்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியும் கான்ஃபிக் ஃபைலில் வராது. 2048 பிட்டில் புதிதாக உருவாக்கினேன்.

உன்னிடமும் இதே கம்பெனிப் பெட்டிகள்தான், அதே வயதுதான். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எல்லாம் நன்றாக ஓடும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் விலான் பட்டியலையும் டிரங்க் நிலவரத்தையும் எடுத்து, கான்ஃபிக் ஃபைலுக்குப் பக்கத்திலேயே வை. விடிபியின் டிரான்ஸ்பரன்ட் மோடில் இருக்கும் பெட்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை, அதில் விலான்கள் கான்ஃபிகிலேயே வந்துவிடும். எது எந்த மோடில் இருக்கிறது என்று இந்த வாரமே பார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நீ சொல்வது எனக்குத் தெரியும், அதனால் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்